விமானம் ஏறும் அந்த அரை மணி நேரம்: முண்டியடித்து என்ன கிடைக்கிறது?

சென்னை விமான நிலையம், காலை ஆறு மணி. கோயம்புத்தூர் விமானத்துக்கு இன்னும் போர்டிங் தொடங்கவில்லை. கேட்டில் இருக்கும் ஊழியர் மைக்கைக் கையில் எடுக்கிறார், அவ்வளவுதான். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் நூறு பேர் எழுந்து நின்றுவிடுகிறார்கள்.

“முதல்ல வீல்சேர் பயணிகள், சின்னக் குழந்தைங்களோட வர்றவங்க மட்டும் வாங்க. மத்தவங்க தயவுசெஞ்சு உட்காருங்க.”

யாரும் உட்காருவதில்லை. ஒரு வரிசை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. வீல்சேரில் இருக்கும் பாட்டிக்கு வழி விட இடமில்லாமல் ஆளாளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். இருபது நிமிடம் கால் கடுக்க நின்று, போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து, படியிறங்கினால் கீழே பேருந்து நிற்கிறது. முதலில் ஏறியவர் உள்ளே கடைசி வரை நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காபியை நிதானமாகக் குடித்துவிட்டுக் கடைசியாக வந்தவர் கதவோரம் நிற்கிறார். விமானத்தின் அருகில் பேருந்து நின்று கதவு திறந்ததும் முதலில் இறங்குவது யார்? காபி குடித்தவர்தான்.

இதில் வேடிக்கை, எல்லோருடைய இருக்கைக்கும் எண் இருக்கிறது. நகரப் பேருந்து போல துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டியதில்லை. விமானமும் ஆள் ஆளாகப் பிரிந்து பறக்கப் போவதில்லை. இருந்தாலும் ஏன் இந்த அவசரம்?

இது நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கேட்டருகே மொய்க்கும் பயணிகளுக்கு ‘கேட் லைஸ்’ என்றே பட்டப்பெயர் உண்டு. கேட் பேன்கள்! தொல்லை தாங்காமல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024 நவம்பரில் ஒரு வசதியை நூற்றுக்கும் மேற்பட்ட விமான நிலையங்களுக்கு விரிவாக்கியது. உங்கள் குழுவைக் கூப்பிடுவதற்கு முன்பே போர்டிங் பாஸை நீட்டினால், ஸ்கேனர் சத்தம் போட்டு உங்களைத் திருப்பி அனுப்பும். பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கும்படி.

அவசரம் இருக்கைக்காக அல்ல

முண்டியடிப்பவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் ஓடுவது இருக்கையைப் பிடிக்க அல்ல, இருக்கைக்கு மேலே பை வைக்கும் அறையில் இடம் பிடிக்க. தாமதமாக ஏறினால் அந்த அறை நிரம்பியிருக்கும். பிறகு ‘உங்க பையைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிடுறோம்’ என்பார்கள். இறங்கிய பிறகு பெல்ட் முன்னால் காத்துக் கிடக்க வேண்டும்.

ஆக, கேட்டில் நடக்கும் தள்ளுமுள்ளு, முந்தின நாள் ராத்திரி வீட்டில் பெட்டி கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்கு அனுமதி ஒரு கைப்பை, 7 கிலோ. கூடவே ஒரு சிறிய ஹேண்ட்பேக் அல்லது லேப்டாப் பையைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் நடைமுறையில் பார்ப்பது என்ன? ஒரு ட்ராலி, முதுகில் ஒரு பை, தோளில் இன்னொன்று, கையில் அல்வாவோ பாதுஷாவோ நிரம்பிய கட்டைப் பை. நாட்டில் அதிகம் பறக்கும் ஏ320 ரக விமானத்தில் சுமார் 180 இருக்கைகள். எல்லோரும் இரண்டு பெரிய பை கொண்டுவந்தால் வைக்க இடம் கிடையாது. நீங்கள் வைக்கும் இரண்டாவது பை, பின்னால் வருகிற யாரோ ஒருவரின் முதல் பைக்கான இடம்.

வீட்டிலேயே எடை பார்த்துவிடலாம். காய்கறிக் கடைத் தராசு தேவையில்லை, கொக்கியில் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கவுன்டரில் பெட்டியைத் திறந்து, பட்டுப்புடவையை எடுத்துத் தோளில் போட்டு, ஊறுகாய் பாட்டிலை அக்காவின் பைக்கு மாற்றும் காட்சி தவிர்க்கக் கூடியதுதான். பின்னால் நிற்பவர்களுக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு செக்-இன் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பும் மூடப்படும். டிக்கெட்டில் 7.30 என்றிருந்தால், உங்களுக்கு அது 7.05. ‘விமானம் அங்கேயே நிக்குதே, என்னை மட்டும் ஏன் விட மாட்டேங்கிறீங்க’ என்று தினமும் ஒருவராவது கண்ணாடி வழியே கை காட்டுகிறார்.

தட்டில் என்ன வைப்பது?

பாதுகாப்புச் சோதனையில் நேரம் போவது பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல. தட்டு கைக்கு வந்த பிறகுதான் லேப்டாப் பையின் அடியில் இருப்பது நினைவுக்கு வரும். பிறகு பெல்ட், பர்ஸ், சில்லறை, இயர்போன், பவர் பேங்க். வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் இதையெல்லாம் பைக்குள் ஒரே அறையில் போட்டுவிட்டால், தட்டு வந்ததும் வேலை முடிந்தது. சோதனை முடிந்தவுடன் தட்டை அங்கேயே வைத்து ஷூ லேஸ் கட்டாமல், பொருட்களை அள்ளிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்க் கட்டலாம். மிளகாய்ப் பொடி கைப்பையில் அனுமதி இல்லை. அம்மா ஆசையாகக் கொடுத்ததாக இருந்தாலும் சரி. அதற்காக சிஐஎஸ்எஃப் வீரரிடம் வாதாடுவதில் பயனில்லை. விதி அவர் போட்டதல்ல.

“சார், என் ஃப்ளைட் மிஸ் ஆகிடும், முன்னாடி போகட்டுமா?” என்று ஒருவர் கேட்கிறார். விடலாமா? உண்மையிலேயே கடைசி அழைப்பில் இருப்பவர் என்றால் விடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கேட்பவர் வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவதைவிட, அங்கே நிற்கும் விமான நிறுவன ஊழியரிடமோ பாதுகாப்பு வீரரிடமோ போர்டிங் பாஸைக் காட்டுவது வேகமான வழி. கேட்காமல் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைவது வேறு விஷயம். அதற்குப் பெயர் அவசரம் இல்லை.

“தம்பி, இது மதுரை ஃப்ளைட்டுதானே?”

கேட் முன்னால் இன்னொரு வகைப் பயணி உட்கார்ந்திருப்பார். கையில் போர்டிங் பாஸை மடக்கி மடக்கிப் பார்த்தபடி, யாராவது எழுந்தால் தானும் எழுந்துகொண்டு. முதன்முறை பறப்பவர். மகனோ மகளோ டிக்கெட் போட்டு அனுப்பியிருப்பார்கள். சின்ன ஊர்களுக்கு விமானம் விட 2017இல் மத்திய அரசின் உதான் திட்டம் வந்தது; 2018இல் சேலத்துக்கும் மறுபடி விமானம் வந்தது. இப்படிப்பட்டவர்கள் இப்போது ஒவ்வொரு விமானத்திலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு புதுச் சிக்கலும் உண்டு. பல பெரிய விமான நிலையங்களில் இப்போது பொது அறிவிப்புகள் குறைந்துவிட்டன; ‘அமைதி விமான நிலையம்’ என்கிறார்கள். கேட் மாறினால் திரையில் வரும், அல்லது டிக்கெட் போட்டவரின் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். டிக்கெட் போட்ட மகன் பெங்களூருவில் மீட்டிங்கில் இருப்பார். அம்மா பழைய கேட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

பக்கத்தில் இருப்பவர் ஒரு முறை தலை நிமிர்ந்து, “அம்மா, உங்களுக்கு எந்த ஊரு? கேட் மாத்திட்டாங்க, வாங்க, நானும் அங்கதான் போறேன்” என்றால் அந்தப் பயணம் தப்பித்தது. ரொம்பச் சின்ன உதவி. இயர்போன் மாட்டியிருந்தால் இது நடக்காது என்பது மட்டும் சிக்கல்.

கேட் பகுதியில் மற்றபடி தெரிந்த கதைதான். பைக்கு ஒரு நாற்காலி, காலுக்கு ஒரு நாற்காலி வேண்டாம். மொத்தக் கூடத்துக்கும் கேட்கும்படி ரீல்ஸ் ஓட்டுவதும், ஸ்பீக்கரில் சேல்ஸ் டார்கெட் பேசுவதும் அலுவலக ரகசியத்துக்கும் நல்லதல்ல. சார்ஜிங் பாயின்ட் ஒன்றுதான் இருக்கிறது என்றால், 80 சதவீதம் ஏறியதும் பக்கத்தில் 3 சதவீதத்தில் தவிப்பவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அவருடைய போர்டிங் பாஸே அந்தப் போனுக்குள்தான் இருக்கும்.

ஒரே ஒரு ஆள் போகும் பாதை

இப்போது விமானத்துக்குள் வருவோம். இங்கேதான் நேரம் உண்மையில் கரைகிறது.

நடுப்பாதை ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய அகலம். யாராவது ஒருவர் நின்றால், பின்னால் எல்லோரும் நிற்க வேண்டும். ஐந்தாவது வரிசையில் ஒருவர் பாதையில் நின்றபடி பையைத் திறந்து, இயர்போனைத் தேடி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைக்கிறார். 30 விநாடிதான். ஆனால் பின்னால் 40 பேர் நிற்கிறார்கள் என்றால் மொத்தமாக 20 நிமிடம் போயிற்று.

இதை ஒரு விஞ்ஞானியே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். ஜேசன் ஸ்டெஃபன், அமெரிக்க வானியற்பியலாளர். கிரகங்களை ஆராய்கிறவர், விமான வரிசையில் நின்று நொந்துபோய் 2008இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிறகு மாதிரி விமானக் கூடு ஒன்றில் 12 வரிசைகளில் 72 பேரைப் பைகளுடன் ஏற்றிச் சோதனையும் நடந்தது. பின்வரிசையிலிருந்து முன்னோக்கி ஏற்றினால்தான் வேகம் என்று நாம் எல்லோரும் நினைப்போம், இல்லையா? அது ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. எந்த ஒழுங்கும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று விட்டபோது, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது! ஜன்னலோரம், நடு, பாதையோரம் என்று ஏற்றியது அதைவிட வேகம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஜன்னல் இருக்கைகளில் தொடங்கும் ஸ்டெஃபனின் சொந்த முறை நான்கு நிமிடத்துக்குள்.

காரணம் எளிது. பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகப் போனால், எல்லோரும் ஒரே இடத்தில் பை வைக்க முட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் வைக்கும்வரை மற்றவர்கள் சும்மா நிற்கிறார்கள். பரவி நின்றால், ஒரே நேரத்தில் பலர் பை வைக்க முடியும். விஷயம் வரிசையில் இல்லை, பையில் இருக்கிறது.

ஜன்னல், நடு, பாதை என்ற முறையை அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரில் எகானமி பயணிகளுக்கு மறுபடி கொண்டுவந்தது. மிச்சமாகும் நேரம் அதிகபட்சம் இரண்டு நிமிடம். இரண்டே நிமிடத்துக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். உள்நாட்டு விமானம் ஒன்று தரையிறங்கி, ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, அடுத்த கூட்டத்தை ஏற்றிக் கிளம்ப அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். அதே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர் போய் வருகிறது. காலையில் சென்னையில் போன பத்து நிமிடம், ராத்திரி கடைசி விமானத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் தலையில் விடியும். இறங்கும்போது மிச்சம் பிடிக்க இண்டிகோ 2022இல் மூன்று கதவுகள் வழியாக இறக்கும் முறையை அறிவித்ததும் இதே கணக்கில்தான்.

ஆகவே பயணி செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. விமானத்தில் தேவைப்படும் போன், இயர்போன், புத்தகத்தை கேட்டிலேயே எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது. தன் வரிசைக்கு வந்ததும் பையை மேலே வைத்துவிட்டு, பாதையை விட்டு இருக்கைப் பக்கம் ஒதுங்கி நிற்பது. ஜாக்கெட் கழற்றுவது, வீட்டுக்குப் போன் போடுவது எல்லாம் அங்கே நின்றபடி. ட்ராலியைக் குறுக்காகப் படுக்க வைக்காமல், சக்கரப் பகுதி உள்ளே போகும்படி நேராக வைத்தால் இன்னொரு பைக்கும் இடம் கிடைக்கும். முதுகுப் பையை முதுகில் மாட்டியபடி திரும்பினால், உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு ஆபத்து. கழற்றிக் கையில் பிடிக்கலாம்.

இருக்கை 27இல். பையை ஐந்தாவது வரிசையின் மேலே வைத்துவிட்டுப் பின்னால் போகிறவர்களும் உண்டு, இறங்கும்போது எடுக்கச் சுலபம் என்று. ஐந்தாவது வரிசைக்காரர் வந்து பார்த்தால் இடமில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். இறங்கும்போது கூட்டத்துக்கு எதிராக நீந்தி அதை எடுக்க வேண்டும். எதிர்நீச்சல் போடுபவரை எல்லோரும் முறைப்பார்கள். அசல் ஆள் அதற்குள் டாக்சியில் இருப்பார்.

பேருந்தில் போய் ஏறும்போது இன்னொரு விஷயம். பல நேரம் முன்னும் பின்னும் இரண்டு ஏணிகள் இருக்கும். பின்பாதி இருக்கைக்காரர்கள் பின் ஏணியில் ஏற வேண்டும். முன் ஏணி பக்கத்தில் இருக்கிறதே என்று 27ஆம் இருக்கைக்காரர் அதில் ஏறினால், நடுவில் இரண்டு வரிசைகளும் மோதிக்கொள்ளும். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் சின்ன ஏடிஆர் விமானங்களில் கதை தலைகீழ். பயணிகள் ஏறும் கதவே பின்னால்தான். ஒன்றாம் வரிசைக்காரர்தான் அதிக தூரம் நடக்க வேண்டும்.

பையைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

மேலே இடமில்லை என்று ஊழியர் கைப்பையைக் கேட்டு வாங்கும்போது, ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பையில் இருக்கும் பவர் பேங்கை வெளியே எடுத்துவிட வேண்டும். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரிகள் எதுவும் சரக்கு அறைக்குப் போகக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. உள்ளே புகைந்தால் பணியாளர்கள் பார்ப்பார்கள், அணைப்பார்கள். கீழே புகைந்தால் பறக்கும்போது அங்கே போக வழியில்லை. கவுன்டரில் பெட்டி போடும்போது ‘பேட்டரி இருக்கா?’ என்று கேட்பார்கள். கேட்டில், அவசரத்தில், சில நேரம் கேட்காமலும் போகலாம். சொல்ல வேண்டியது பயணிதான்.

இது வெறும் காகித விதி இல்லை. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், ஹாங்காங் செல்ல எல்லோரும் ஏறி உட்கார்ந்து, புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில் மேல் அறை ஒன்றிலிருந்து தீ கிளம்பியது. 176 பேரும் அவசரச் சறுக்குகள் வழியாக வெளியேறி உயிர் தப்பினார்கள். விமானம் எரிந்துபோனது. பவர் பேங்க் ஒன்றின் பேட்டரிக்குள் காப்புப் பகுதி சேதமானதே காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு அரசு பிறகு தெரிவித்தது. பவர் பேங்கை மேலே வைக்காமல் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே விதியும் வந்தது. முன் இருக்கைப் பையிலோ காலடிப் பையிலோ இருந்தால், சூடானால் உடனே தெரியும்.

“கொஞ்சம் மாறி உட்கார முடியுமா?”

இருக்கை மாற்றிக் கேட்பதில் தவறில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம். ஆள் வருவதற்கு முன்பே அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்ததும் ‘நீங்க அங்க போய் உட்காருங்களேன்’ என்பது கேட்பதாகாது. அவர் அந்த இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கலாம். கேட்பதென்றால் அதே மாதிரியோ அதைவிட நல்லதோவான இருக்கையைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நடு இருக்கையைக் கொடுத்து ஜன்னலோரம் கேட்டால் பதில் தெரிந்ததுதான். ‘இல்லைங்க, இங்கேயே இருந்துக்கிறேன்’ என்றால் விஷயம் அங்கே முடிந்தது. காரணம் கேட்க வேண்டாம், பயணம் முழுக்கப் பெருமூச்சும் விட வேண்டாம்.

குழந்தை தனியாக மாட்டிக்கொண்டால் நிலைமை வேறு. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில் பயணிக்கும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை கொடுக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எனவே குழந்தையோடு வருபவர்கள் இதைச் செக்-இன் கவுன்டரிலேயே சொல்லிச் சரிசெய்துவிடலாம். விமானத்துக்குள் வந்து முன்பின் தெரியாத நாலு பேரிடம் கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

காலி இருக்கை தெரிகிறதே என்று தானாக மாறி உட்காருவதற்கு முன் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சின்ன விமானங்களில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் எடைக் கணக்கில் வரும்.

கால் நீட்ட வசதியான அவசரக் கதவு வரிசை எல்லோருக்கும் பிடிக்கும். அது இருக்கை மட்டுமல்ல, ஒரு பொறுப்பும்கூட. தேவைப்பட்டால் அந்தக் கதவைத் திறக்க வேண்டியவர் அங்கே உட்கார்ந்திருப்பவர். அதனால்தான் பணியாளர் நேரில் வந்து விளக்குகிறார். அப்போது போனைப் பார்த்தபடி ‘ம்ம்’ என்பது அழகல்ல. முடியாது என்று தோன்றினால் சொல்லிவிடலாம், வேறு இடம் தருவார்கள். 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சி கிளம்பவிருந்த ஏடிஆர் விமானத்தில், பயணி ஒருவரால் அவசரக் கதவு திறந்துகொண்டது. விமானம் தரையில் இருந்ததால் ஆபத்தில்லை. ஆனால் எல்லோரையும் இறக்கி, முழுச் சோதனை செய்த பிறகே கிளம்ப முடிந்தது. ஒருவர் கை பட்டதற்கு மொத்த விமானமும் காத்திருந்தது.

வீல்சேர் யாருக்கு?

வரிசையில் நிற்காமல் போக வீல்சேர் கேட்கும் பழக்கம் பற்றிச் சிரிப்போடு பேசுவார்கள். வீல்சேரில் வந்தவர் விமானம் இறங்கியதும் விறுவிறுவென்று நடந்து போவதைப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் வெளியே தெரியாத இதய நோய், மூட்டு வலி, மொழி தெரியாத பயம் எல்லாம் இருக்கலாம். யாருக்கு உண்மையிலேயே தேவை என்று பக்கத்து வரிசையிலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. தனக்குத் தேவையா என்பது கேட்பவருக்குத் தெரியும்.

வீல்சேர்களும் அவற்றைத் தள்ளும் ஆட்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவர்கள். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய 80 வயது முதியவர் ஒருவரிடம், வீல்சேருக்குக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். மனைவிக்கு ஒன்று கிடைத்திருந்தது. அவர் மனைவியோடு நடந்தே போனார். வழியில் மயங்கி விழுந்து இறந்துபோனார். விமான நிறுவனத்துக்கு டிஜிசிஏ 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அப்பா அம்மாவுக்கு வீல்சேர் தேவை என்றால் டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுவது நல்லது. வயதானவர்களுக்கு வழியில் புரியவில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், அதை அப்படியே விமான நிறுவனத்திடம் சொல்லிக் கேட்கலாம். ஒரு நாற்காலி மிச்சமாகும்.

தாமதம் என்றால் யாரிடம் கோபப்படுவது?

விமானம் தாமதம் என்றதும் முதல் அடி விழுவது கேட்டில் நிற்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோதான். பனியும் அவர் கையில் இல்லை, பைலட்டின் பணி நேரமும் அவர் கையில் இல்லை. 2024 ஜனவரியில் டெல்லியில் பனிமூட்டத்தால் பல மணி நேரம் தாமதமான கோவா விமானத்தில், அறிவிப்பு செய்துகொண்டிருந்த துணை விமானியைப் பயணி ஒருவர் அடித்தார். வீடியோவை நாடே பார்த்தது. அவர் கைதானார். தவறாக நடந்துகொள்ளும் பயணிகளுக்கு 2017இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வாய்ச் சண்டைக்கு மூன்று மாதம் வரையிலும், கை வைத்தால் ஆறு மாதம் வரையிலும், உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேலும் பறக்கத் தடை விதிக்கலாம்.

பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதல்ல இதன் அர்த்தம். கேட்க வேண்டியதைக் கேட்கலாம். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு, குறித்த நேரத்தில் செக்-இன் செய்தவருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது விதி. சென்னையிலிருந்து தமிழ்நாட்டு ஊர்கள், பெங்களூரு, ஹைதராபாத் எல்லாம் இதற்குள் அடங்கும். “மேடம், ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு, சாப்பாடு எங்க தர்றீங்க?” என்று குரல் உயர்த்தாமல் கேட்பவருக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும். கத்துபவரைச் சுற்றி வீடியோதான் எடுப்பார்கள்.

எல்லோரும் ஏறி, பை வைத்து, பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகும் சில நாள் கதவு மூடாது. ஒருவர் இன்னும் வரவில்லை என்பார்கள். செக்-இன் பெட்டி போட்ட பயணி வராவிட்டால், பாதுகாப்பு விதிப்படி அவருடைய பெட்டியைச் சரக்கு அறையிலிருந்து தேடி இறக்கிய பிறகே விமானம் கிளம்பலாம். நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேட வேண்டும். அவர் வேறொரு விமானம் தாமதமாகி மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருக்கலாம். அப்படி வந்தால் முறைக்காமல் வழி விடலாம். அல்லது பயணத் திட்டத்தையே மாற்றிவிட்டு, கேட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கலாம். கீழே, மஞ்சள் சட்டை போட்ட ஊழியர்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி டேகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.